ஜன்னலுக்குள் பனிமலை

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். போனில் பேசும்போது, "மலை, ஆறு, பறவையைத் தவிர சீனக் கவிதையில் என்னப்பா இருக்கு?" என்று கேட்டாய். போகிற போக்கில் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நீ படிப்பது சீனாவின் செங்டு நகரத்தில். அந்த ஊரிலேயே பிறந்த நாலு வரியை வைத்தே சொல்கிறேன்.

டாங் அரச காலத்துக் கவிஞர் து ஃபூ அங்கே வந்து சேர்ந்தது கி.பி. 759 கடைசியில். வடக்கே 755இல் படைத்தலைவன் ஆன் லுஷான் கிளப்பிய கலகத்தில் நாடு சிதறிக் கிடந்தது. பசியும் பட்டினியுமாகக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்த மனிதர், மறு வருஷம் தெரிந்தவர்கள் தயவில் ஹுவான்ஹுவா ஓடைக்கரையில் ஒரு கூரை வீடு போட்டார். 762இல் அவர் வெளியூர் போயிருந்த சமயம் செங்டுவிலும் கலகம் மூண்டு, வீடு திரும்ப முடியாமல் போயிற்று. பெரிய கலகம் 763இல் ஓய்ந்தது. 764 வசந்த காலத்தில் மறுபடி அந்த வீட்டுக்கு வந்தார். அப்போது எழுதியது இது:

இரண்டு மாங்குயில்கள் பச்சை வில்லோ மரத்தில் பாடுகின்றன.
ஒரு வரிசை வெண்கொக்குகள் நீல வானில் ஏறுகின்றன.
ஜன்னலுக்குள் மேற்கு மலையின் ஆயிரம் ஆண்டுப் பனி.
வாசலில் பத்தாயிரம் லீ கடக்கும் கிழக்கு வூ தேசத்துப் படகுகள்.

முதல் மூன்று வரி வரைக்கும் நீ சொன்னது சரிதான்: மரம், பறவை, மலை. கடைசி வரியில் கொஞ்சம் நில். லீ என்பது சீனத் தூர அளவு; ஒரு லீ ஏறக்குறைய அரை கிலோமீட்டர். கிழக்கு வூ என்பது யாங்சி ஆற்றின் கீழ்க்கோடி. அவ்வளவு தூரத்துப் படகு இவர் வாசலில் ஏன் நிற்கிறது? சண்டை ஓய்ந்துவிட்டது, ஆற்று வழி திறந்துவிட்டது. அந்தச் சேதியை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. படகைக் காட்டுகிறார், அவ்வளவுதான். வந்த படகு திரும்பியும் போகும். ஊருக்குப் போக ஏங்கிக்கொண்டிருந்தவருக்கு அந்தப் படகைப் பார்த்ததும் எப்படி இருந்திருக்கும்! மறு வருஷமே செங்டுவை விட்டு ஆற்றோடு கிளம்பினார். ஊர் போய்ச் சேராமலேயே 770இல் இறந்துபோனார். இது தெரிந்த பிறகு, அந்தப் படகு வெறும் காட்சியாக என் கண்ணில் படுவதில்லை.

வரிக்கு ஏழு எழுத்து, மொத்தம் இருபத்தெட்டு. அதற்குள் இரண்டுக்கு ஒன்று, மஞ்சள் மாங்குயிலுக்கு வெண்கொக்கு, ஜன்னலுக்கு வாசல், மேற்குக்குக் கிழக்கு என்று ஒவ்வொன்றுக்கும் இணை வைத்திருக்கிறார். அப்படியும் வரிகள் இறுக்கமாக இல்லை. கண் மரத்திலிருந்து வானத்துக்கும், வானத்திலிருந்து பனிமலைக்கும் போய், கடைசியில் வாசலுக்கே வந்துவிடுகிறது.

அதே காலத்துக் கவிஞர் வாங் வெய் வேறு மாதிரி. அவருக்கு அன்றைய தலைநகரான சாங்கானுக்குப் பக்கத்து மலைகளில் ஒரு வீடு இருந்தது. அங்கே எழுதிய ஒரு கவிதையில் ஆளே இல்லாத மலை, எங்கிருந்தோ பேச்சுக்குரல்; சாயும் வெயில் காட்டுக்குள் நுழைந்து பாசிமேல் விழுகிறது. உச்சி வெயில் அந்தப் பாசியைத் தொடாது, மேலே இலை மறைக்கும். பொழுது சாயும்போதுதான் ஒளி பக்கவாட்டில் வரும். இதைப் பார்த்து எழுத ஒரு மனிதர் அங்கே எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்! நீயும் அப்படி நிதானமாகப் படி. ஒரு நாளைக்கு ஒரு கவிதை போதும். எழுதியவர் எங்கே இருந்தார், அந்த வருஷம் அவருக்கு என்ன நடந்தது என்று மட்டும் தேடிப் பார்த்துக்கொள். உதாரணத்துக்கு, இவர்களுக்குப் பின்னால் வந்த லியு சோங்யுவானின் பனி ஆற்றுக் கவிதையில் பறவையும் இல்லை, பாதையில் காலடியும் இல்லை. தனிப் படகில் ஒரு கிழவர் தூண்டில் போடுகிறார். சோகம் என்று ஒரு சொல் கிடையாது. 805இல் பதவி பறிபோய், தெற்கே தொலைவிலிருந்த யோங்சோவுக்குத் துரத்தப்பட்டவர் அந்தக் கவிஞர். கூடப் போன அம்மாவும் மறு வருஷம் அங்கேயே இறந்துவிட்டார்.

பரீட்சை முடிந்ததும் து ஃபூவின் கூரை வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வா. இப்போது இருப்பது பின்னால் கட்டியது, ஓடை இருக்கிறது. மழை பெய்து வானம் வெளுத்த நாளில், உயரமான மாடியிலிருந்து மேற்கே பார்த்தால் பனிமலை தெரியுமாம். அப்புறம் ஒரு வேலை: உன் சீனத் தோழிகள் இந்த நாலு வரியைச் சின்ன வகுப்பிலேயே மனப்பாடம் செய்திருப்பார்கள். ஒருத்தியை நிறுத்தி நிதானமாகச் சொல்லச் சொல்லி, பதிவு செய்து அனுப்பு. இத்தனை நாளும் மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன், அந்த ஓசையை ஒரு தடவை கேட்கணும்.

அன்புடன்,
அப்பா