பொம்மைக்கடை முதலாளிங்களுக்கு: ஒரே ஒரு பெட்டிய மட்டும் பிரிச்சு வைங்க

வணக்கம்ணே, வணக்கம்க்கா.

பொம்மைக்கடை, ஸ்டேஷனரி, கிஃப்ட் ஷாப்னு வச்சு கூடவே போர்டு கேமும் விக்கிற எல்லாருக்கும் சேத்துதான் எழுதுறேன். முக்கியமா, கண்ணாடி ஷெல்ஃப்ல கைக்கு எட்டாத உயரத்துல கட்டான், கார்கசோன்னு ரெண்டு வெளிநாட்டு போர்டு கேம் பெட்டிய வச்சுட்டு, கேட்டா "இதெல்லாம் நம்ம ஊர்ல ஓடாது சார், ஆசைப்பட்டு எடுத்து மாட்டிக்கிட்டோம்"னு சொல்றீங்க பாருங்க, உங்களுக்கு.

ஓடாதுங்கறீங்க, சரி. ஸ்காட்லாந்து யார்டு எத்தன வருஷமா உங்க கடையில ஓடிட்டு இருக்கு? லண்டன் மேப்ப விரிச்சு வச்சு, டாக்ஸி, பஸ், அண்டர்கிரவுண்டு டிக்கெட்ட செலவு பண்ணி மிஸ்டர் எக்ஸ துரத்தற கேம். அது 1983-ல ஜெர்மனியோட ஷ்பீல் டெஸ் யாரெஸ் விருது வாங்குன கேம்ணே, அந்த வருஷத்தோட சிறந்த கேம்னு. அதே விருததான் கட்டான் 1995-ல வாங்குச்சு, கார்கசோன் 2001-ல, டிக்கெட் டு ரைடு 2004-ல, அசூல் 2018-ல. இந்த மாதிரி கேமெல்லாம் நம்ம ஆளுங்களுக்குப் புடிக்காதுன்னா ஸ்காட்லாந்து யார்ட வாங்குனது யாரு? பக்கத்து வீட்டுல ஆடறதப் பாத்துட்டு வந்து அப்பா கையப் புடிச்சு இழுத்து வாங்குன பசங்கதான். கட்டான அப்படி யாரும் பாத்ததே இல்ல. பாக்காத பொருளுக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் யாருண்ணே குடுப்பா?

அதான் கேக்கறேன், ஏதாவது ஒரு கேம்ல ஒரு காப்பிய பிரிச்சு கவுண்டர் பக்கத்துல ஒரு சின்ன டேபிள்ல போடுங்க. புடவைக்கடையில மடிச்ச புடவைய கவரோட நீட்டி வாங்குனா வாங்கு இல்லன்னா போன்னு யாராவது சொல்றாங்களா, இருபது புடவைய உதறிப் போட்டு முந்தானையத் தனியா காட்டித்தான விக்கறாங்க. ஒரு பெட்டியோட காசு போயிடுமேன்னு தோணும், ஆனா ஷெல்ஃப்ல தூசி படிஞ்சு கிடக்கறதும் அதே காசுதான.

எத பிரிக்கறதுன்னு கேட்டீங்கன்னா கட்டான் வேணாம், அது ஒரு ஆட்டம் முடியவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். கார்கசோன் போடுங்க. 72 டைல், அதாவது சதுர அட்டை, ஒண்ண எடு, ஏற்கனவே கிடக்கற டைலோட ரோடு ரோட்டோடயும் கோட்டை கோட்டையோடயும் சேர்ற மாதிரி வை, வேணும்னா மேல ஒரு குட்டி பொம்மை ஆள நிறுத்து, அவ்ளோதான், கஸ்டமரு பில் போட நிக்கற நேரத்துல அவங்க பையன் கத்துக்குவான். இல்லன்னா அசூல். அந்த 100 டைலு ஒண்ணொண்ணும் நல்ல கெட்டியா கலர் கலரா பைக்குள்ள கையவிட்டு எடுக்கும்போது சலசலன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, பெட்டி மேல இருக்கற படத்துல அது எங்க தெரியப்போகுது.

அடுத்தது கடையில நிக்கற பசங்க. பாவம், அவங்களுக்கு யாரும் சொல்லிக்குடுக்கறதில்ல, எந்தப் பெட்டியக் காட்டினாலும் "சூப்பரா இருக்கும் சார், ஃபேமிலியா ஆடலாம்" ஒரே டயலாக். புதுசா கல்யாணம் ஆன ஒரு ஜோடி வந்து ரெண்டு பேர் ஆடற மாதிரி ஏதாவது குடுங்கன்னு கேக்கறாங்க, எடுத்துக் குடுக்கறது கட்டான். பெட்டியிலயே 3-4 பேர்னு போட்டிருக்கு! இதாவது பரவால்ல, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு ஒரு கடையில கட்டான் 5-6 பேர் எக்ஸ்டென்ஷன முழு கேம்னு சொல்லி வித்துட்டாங்க, பர்த்டே கிஃப்ட். அசல் கேம் இல்லாம அது வெறும் எக்ஸ்ட்ரா சாமான்தான், தனியா ஆடவே முடியாது. பிரிச்சாச்சு, அதனால ரிட்டர்னும் இல்லயாம். டிக்கெட் டு ரைடுலயும் இதே கதை உண்டு. 2011-ல வந்த இந்தியா, ஸ்விட்சர்லாந்து மேப் பெட்டி இருக்குல்ல, இந்தியா மேப்பாச்சேன்னு ஆசையா வாங்கறவங்க வீட்டுல போய்த் திறந்தா போர்டு இருக்கும், டிக்கெட் கார்டு இருக்கும், போர்டு மேல வைக்கற குட்டி ரயில் ஒண்ணு கூட இருக்காது. அதுக்கு அசல் கேமோ, யூரோப்னு வர்ற இன்னொரு முழு கேமோ தனியா வாங்கணும். இதெல்லாம் ஒரு துண்டுச்சீட்டுல எழுதி பெட்டி மேல ஒட்ட எவ்ளோ நேரமாகும்? எத்தன பேர், எத்தன நிமிஷம், தனியா ஆடலாமா இல்ல இன்னொரு பெட்டி வேணுமா. மூணு வரி.

இப்ப கொஞ்சம் கோவமா. டூப்ளிகேட்.

பாதி விலைக்கும் கம்மியா ஒரு கட்டான், ஒரு ஸ்ப்ளெண்டர் கேம் வருதுல்ல, அத ஒரிஜினல் பக்கத்துலயே அடுக்கி வச்சு "ரெண்டும் ஒண்ணுதான் சார், இது லோக்கல் பிரிண்ட்"னு சொல்ற கடைங்களும் இருக்கு. ஒண்ணு இல்லண்ணே. அந்தக் கட்டான்ல வெளி ஃபிரேம் ஒண்ணோட ஒண்ணு சேராது, நடுவுல அறுகோண அட்டைய அடுக்குனா ஒரு மூல தூக்கிக்கிட்டு நிக்கும், கார்டு பின்பக்கம் ஷேடு மாறி இருக்கும், ரெண்டு ஆட்டம் ஆடுனா அடுத்தவன் கையில இருக்கறது ஆடா செங்கல்லான்னு பின்னாடி பாத்தே சொல்லிடலாம். அப்பறம் என்ன ஆட்டம் அது? ஒரிஜினல் ஸ்ப்ளெண்டர்ல 40 டோக்கன், ஒவ்வொண்ணும் கேசினோ சிப்பு மாதிரி வெயிட்டா இருக்கும், அந்த வெயிட்டுக்குத்தான் பாதி காசே. இதுல தக்கையா பிளாஸ்டிக். முதல் முறையா போர்டு கேம் வாங்கறவங்க இத வாங்கிட்டுப் போய் "இவ்ளோதானா"ன்னு மூட்டை கட்டி வச்சா அவங்க திரும்ப உங்க கடைக்கு ஏன் வரப்போறாங்க. இறக்குமதி பெட்டின்னா இம்போர்ட்டர் பேரு, அட்ரஸ், எம்ஆர்பி போட்ட ஸ்டிக்கர் கண்டிப்பா இருக்கணும், சட்டமே அதான். ஸ்டிக்கர் இல்லாத பெட்டிய சப்ளையர் தலையில கட்டுனா திருப்பி அனுப்புங்க.

விலையப் பத்தியும் ஒண்ணு. 2025 செப்டம்பர் 22-லேருந்து போர்டு கேம், சீட்டுக்கட்டு, கேரம் போர்டு எல்லாத்துக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்துலேருந்து 5 ஆயிடுச்சு. சில கடையில இன்னும் பழைய ரேட்டுலயே பில் வருது, கேட்டா பழைய ஸ்டாக்குங்கறாங்க. பழைய ஸ்டாக்கா இருந்தாலும் விக்கற தேதிக்கு என்ன வரியோ அதானண்ணே போடணும்.

அப்பறம் நம்ம ஊரு ஆட்டம். பல்லாங்குழிய ஏன் குத்துவிளக்கு பக்கத்துல ஷோபீஸா வச்சிருக்கீங்க? 14 குழிக்கும் குழிக்கு அஞ்சுன்னு போட்டா கூட 70 சோழி வேணும், அழகா பாலிஷ் போட்ட பலகைய ஆயிரத்துச் சொச்சத்துக்கு வித்துட்டு கூட ஒரு சின்னப் பையில பத்தியும் பத்தாம சோழி போட்டுக் குடுக்கறாங்க, எப்படி ஆடறதுன்னு ஒரு பேப்பர் கூட கிடையாது. அதையும் அந்த டேபிள்ல வைங்க, கடைக்கு வர்ற பாட்டிங்களே உக்காந்து சொல்லிக்குடுப்பாங்க, உங்களுக்கு சம்பளம் மிச்சம்.

ஆங், கார்டு ஸ்லீவ், அதான் கார்டு அழுக்காகாம மேல மாட்டற பிளாஸ்டிக் உறை. இது என்னை மாதிரி கிறுக்கனுங்களுக்குத்தான், இருந்தாலும் சொல்லிடறேன். எல்லாக் கார்டும் ரம்மி கார்டு சைஸ் கிடையாது, கட்டான் கார்டு 54-க்கு 80 மில்லிமீட்டர். ஸ்லீவ் ஸ்டாக் எடுக்கும்போது அந்த சைஸும் ரெண்டு பாக்கெட் போடுங்க, நான் வந்து எடுத்துக்கறேன்.