நரம்பியல் மருத்துவருக்கும் ஓய்வு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான, அரசு மருத்துவமனை நரம்பியல் மருத்துவர் ஒருவரின் நேர்காணலைப் படித்தேன். நோயாளியின் நடையையும் பேச்சையும் கவனித்தே மூளையில் எந்த இடம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று கணிக்கும் நுட்பம்தான் தம்மை இத்துறைக்கு ஈர்த்தது என்று அவர் கூறியிருப்பது அருமை. ஆனால், மகளின் பள்ளி விழாக்களுக்குக்கூடப் போக முடியாத அவரது வாழ்க்கையைத் தியாகம் என்று புகழ்ந்ததோடு கட்டுரை நின்றுவிட்டது. ஆள் பற்றாக்குறைக்கு நாம் சூட்டும் அழகான பெயர் அது. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டுகள், மேற்படிப்பான எம்.டி. மூன்று ஆண்டுகள், நரம்பியல் உயர் சிறப்புப் படிப்பான டி.எம். மூன்று ஆண்டுகள் எனப் படித்து முடிக்கும்போதே முப்பது வயதை நெருங்கிவிடுகிறார்கள். பலருக்கு அதையும் தாண்டிவிடுகிறது. பிள்ளைகள் வளரும் பருவத்தில்தான் இரவு அழைப்புகளும் குவிகின்றன. பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்க முடியாது.

என் தாயாருக்குப் பக்கவாதம் வந்த இரவில், ஸ்கேன் பார்த்து அந்த ஊசியைப் போட்டுக் காப்பாற்றிய மருத்துவரே, மறுநாள் காலை புறநோயாளிகள் பிரிவில் நீண்ட வரிசைக்கு முன் சிவந்த கண்களோடு அமர்ந்திருந்தார். அம்மா இன்று தெளிவாகப் பேசுகிறார். அந்த நன்றியால்தான் கேட்கிறேன்: இரவுப் பணி முடித்த நரம்பியல் மருத்துவருக்கு மறுநாள் கட்டாய ஓய்வு என அரசு ஆணை பிறப்பிக்க வேண்டும். அதற்கு ஏற்ப, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கூடுதல் பணியிடங்களையும் உருவாக்க வேண்டும்.