அருங்காட்சியகம் திறக்கும் முன் ஈரப்பதத்தைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராயபுரத்துப் பழைய சரக்குக் கிடங்கு ஒன்றில், செல்வந்தர் ஒருவர் தம் சேகரிப்பிலுள்ள தஞ்சாவூர் ஓவியங்களையும் செப்புத் திருமேனிகளையும் மக்கள் பார்வைக்கு வைக்கப்போகிறார் என்ற செய்தி மகிழ்ச்சி தருகிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஓவியம் பார்க்க இனி எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டல ஓவியர் கிராமத்துக்கோ பஸ் ஏற வேண்டாம். ஆனால் கடலோரம் என்பதால் சில வேலைகளைத் திறப்பு விழாவுக்கு முன்பே முடித்தாக வேண்டும்.

தஞ்சாவூர் ஓவியத்தின் அடியில் இருப்பது மரப்பலகை. அதன்மேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, மக்கு (சுண்ணப்பொடியும் பசையும் குழைத்த கலவை) வைத்து, தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) பதித்திருப்பார்கள். பகலில் ஏசி ஓடி இரவில் நின்றால், காற்றில் ஈரம் ஏறிப் பலகை உப்பும். காலையில் மறுபடி சுருங்கும். மக்கு அப்படி நெளிந்து கொடுக்காது. முதலில் மயிரிழை விரிசல், பிறகு ரேக்கோடு பெயர்ந்து விழும். பாதி நாள் ஏசி போடுவதைவிடப் போடாமலே இருப்பது நல்லது. ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதத்துக்குள் இரவு பகலாக ஒரே நிலையில் நிற்க வேண்டும். அதற்கு ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் ஜெனரேட்டரும் வேண்டும்.

செப்புத் திருமேனிகளின் தேவை வேறு. உப்புக்காற்றின் குளோரைடு படிந்தால் வெளிர்பச்சைத் தூள் பூத்து உலோகத்தை அரிக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-ல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் அமைந்ததே இந்த நோய்க்கு மருந்து தேடித்தான். சிலை இருக்கும் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளை வைத்து ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே வைக்க வேண்டும். ஆகவே பலகை ஓவியத்தையும் சிலையையும் ஒரே கண்ணாடிப் பெட்டியில் வைப்பது தவறு.

பழைய சுண்ணாம்புச் சுவரில் பின்னாளில் சிமென்ட் பூசியிருந்தால் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரையே பூசுங்கள். சிமென்ட் ஈரத்தை உள்ளே அடைத்து உப்பைப் பூக்க வைக்கும். வெளிச்சுவரின் உட்பக்கத்தில்கூடப் படம் மாட்டவே வேண்டாம். காகிதம், துணி மீது விழும் வெளிச்சம் 50 லக்ஸை (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டக்கூடாது. காட்சிக்கு வராத பொருள்களைத் தரைத்தளத்தில் அடுக்காதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சட்ட வேலையும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த சிலைகளையும் ஓவியங்களையும் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். உடைமை கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பொருள்களை, அருங்காட்சியகத்தை நடத்தும் அறக்கட்டளையின் பெயருக்கே எழுதி வைப்பது. கட்டடத்தை மட்டும் அறக்கட்டளைக்குத் தந்து, சேகரிப்பை 'இரவல்' என்று வைத்திருந்தால், நாளை வாரிசுகள் பங்கு பிரிக்கும்போது வெறும் சுவர்தான் மிஞ்சும். மின் கட்டணத்துக்கும் பாதுகாப்புப் பணியாளர் சம்பளத்துக்கும் வட்டியில் ஓடும் வைப்புநிதியையும் அதே பத்திரத்தில் எழுத வேண்டும். கட்டட வரைபடம் போடும் முன்பே வழக்கறிஞரை உட்கார வைத்து இதை முடித்துவிடுமாறு அந்தச் சேகரிப்பாளரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கலைப்பொருள் பாதுகாப்புப் பணியாளர்கள்,
வடசென்னை.