மேசை மேல் வைக்கப்பட்டது

புது டெல்லி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சீனு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இங்கே குளிர், விரலை மடக்க முடியவில்லை என்று சாக்கு சொல்லலாம். உண்மையில் சோம்பல்தான். முழங்கால் எப்படி இருக்கிறது? தங்கச்சி காய்ச்சித் தருகிற எண்ணெயையே நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் டாக்டரிடம் போ. பேத்திக்குக் காது குத்தியாச்சா, இல்லை அதையும் தைக்குத் தள்ளிவிட்டாயா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாற்பது வருஷமாக டெல்லியில் இருந்தும் போகாத ஒரு இடத்துக்குப் போன வாரம் போய் வந்தேன். நாடாளுமன்றம். 144 தூண் நிற்கிற அந்தப் பழைய வட்டக் கட்டடத்தைப் பஸ்ஸில் போகும்போது பார்த்தது ஆயிரம் தடவை இருக்கும். உள்ளே போய், மாடத்தில் உட்கார்ந்து, அவை நடப்பதைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. அதுவும் 2023-ல் திறந்த புதுக் கட்டடத்தில்.

கூச்சல் குழப்பம் பார்க்கப் போனேன் என்று நினைக்காதே. அதை டிவியிலேயே பார்த்துக்கொள்ளலாம். நான் போனது என் புத்தகத்தைப் பார்க்க.

முப்பத்தோரு வருஷம் நான் குப்பை கொட்டியது ஒரு மத்திய அரசு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் என்று உனக்குத் தெரியும். அங்கே வருஷத்துக்கு ஒரு ஆண்டறிக்கை போட வேண்டும். மார்ச் 31-ல் கணக்கு முடியும். மூன்று மாதத்துக்குள் அதைக் கட்டித் தணிக்கைக்காரர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அவர்கள் கேள்வி கேட்டு, நாங்கள் பதில் எழுதி, அதை நம்பாமல் மறுபடி கேட்டு, ஒரு வழியாகத் தணிக்கை அறிக்கை வரும். அப்புறம் இந்தி மொழிபெயர்ப்பு, அச்சு, அமைச்சர் கையெழுத்து. எல்லாம் முடிந்து ஒன்பது மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 31-க்குள், இரண்டு அவைகளிலும் அதை வைத்தாக வேண்டும். பிள்ளை பெறுகிற கணக்குதான். தேதி தாண்டிவிட்டால், தாமதத்துக்கான காரணங்களைக் காட்டும் அறிக்கை என்று தனியாக ஒரு தாளையும் கூடவே வைக்க வேண்டும். இந்தத் தாள்களை எல்லாம் கவனிப்பதற்கென்றே மக்களவையில் 1975-லிருந்து ஒரு குழு இருக்கிறது.

ஒரு வருஷம் எங்களுக்கும் தாமதம் ஆனது. 'நிர்வாகக் காரணங்களால்' என்று எழுதி அனுப்பினேன். மேலிடத்தில் ஒரு பிரிவு அதிகாரி திருப்பிவிட்டார். எந்த நிர்வாகம், என்ன காரணம், தேதிவாரியாக எழுது என்றார். உட்கார்ந்து தேதி போட்டேன். அப்போதுதான் தெரிந்தது, கோப்பு எங்கள் ஆபீசிலேயே ஒரு மேசையில் 47 நாள் தூங்கியிருக்கிறது. அந்த மேசை என்னுடையது. அதை அப்படியே எழுத முடியுமா? 'உள் பரிசீலனை' என்று எழுதினேன்.

இப்போது என் நாற்காலியில் இருக்கிற பையன் போன் செய்து, இந்த வருஷ அறிக்கை இன்ன தேதியில் மக்களவையில் வைக்கப்படுகிறது என்றான். எனக்கு என்னவோ ஆசை வந்துவிட்டது. இத்தனை வருஷம் அனுப்பினோமே, அது அங்கே போய் என்ன ஆகிறது என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். தெரிந்த ஒருவர் மூலம் ஒரு எம்.பி.யின் பரிந்துரையில் நுழைவுச் சீட்டு கிடைத்தது. ஒரு மணி நேரம்தான், பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை. வாசலில் செல்போன், பை, பேனா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். சட்டைப் பையில் பேனா இல்லாமல் ஒரு கணக்குப் பிள்ளை உட்கார்ந்திருப்பது பூணூல் அறுந்த அய்யர் மாதிரி இருந்தது.

நீ முதலில் கேட்கப்போவது எனக்குத் தெரியும். ஆமாம், செங்கோல் தெரிந்தது. அதைச் செய்து கொடுத்த மடம் இருக்கிற திருவாவடுதுறைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நீ அதைக் கேட்காமல் இருந்தால்தான் அதிசயம். சபாநாயகர் நாற்காலிக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. மேலிருந்து பார்க்கும்போது அதன் உச்சியில் இருக்கிற நந்தி சரியாகப் பிடிபடவில்லை, பொன் நிறத்தில் ஒரு கோடு மாதிரிதான் இருந்தது.

மாடத்தில் போய் உட்காரும்போது கேள்வி நேரம் முடிந்துகொண்டிருந்தது. முடிந்ததும் சினிமா கொட்டகையில் இடைவேளை விட்ட மாதிரி ஆட்கள் எழுந்து வெளியே போனார்கள். 888 இருக்கை போட்ட மண்டபம், உறுப்பினர்களோ 543 பேர்தான். அதிலும் இப்படிப் பாதிப் பேர் எழுந்து போனால் எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். அவை நடக்கப் பத்தில் ஒரு பங்கு பேர், அதாவது 55 பேர் இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. எனக்கு வேறு வேலை இல்லாததால் தலைகளை எண்ணினேன். இரண்டு தடவை எண்ணியும் 55 வந்ததா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. யாராவது எழுந்து கோரம் இல்லை, அதாவது போதிய ஆள் இல்லை என்று சொன்னால்தான் மணி அடிப்பார்கள். யாரும் சொல்லவில்லை. நீ வேலை பார்த்த மன்றத்தில் கூட்டம் முடிந்த மறுநாள், வராத கவுன்சிலர் வீட்டுக்கு மினிட் புத்தகத்தைச் சைக்கிளில் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்கினாயே, அது ஞாபகம் வந்தது. பயப்படாதே, எந்த ஊர் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன்.

சபாநாயகரும் எழுந்து போய், தலைவர் குழுவில் இருக்கிற ஒரு அம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இப்படி மாற்றி மாற்றி உட்காரப் பத்துப் பேர் வரை நியமித்து வைத்திருப்பார்கள். நம் தம்பிதுரை இரண்டு தடவை இருந்த துணை சபாநாயகர் பதவி, 17-வது மக்களவையின் ஐந்து வருஷமும் ஆளே இல்லாமல் கிடந்தது. அப்போதெல்லாம் இந்தக் குழுதான் தாங்கியது.

அப்புறம் வந்தது என் கட்டம். அலுவல் பட்டியலில் 'மேசை மேல் வைக்கப்படும் தாள்கள்' என்று போட்டிருக்கும். நான் என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? அமைச்சர் எழுந்து, புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போய், நடுவில் இருக்கிற மேசை மேல் வைப்பார் என்று. முப்பத்தோரு வருஷமாக மனசுக்குள் ஓடிய படம் அதுதான். எங்கள் அட்டை இளநீலம். மேலிருந்து பார்த்தாலும் தெரியும் என்று வேறு நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

ஒரு இணையமைச்சர் எழுந்தார். தன் பெயருக்கு நேரே உள்ள தாள்களை அவையில் வைப்பதாக ஒரே மூச்சில் இந்தியில் சொன்னார். வராத இன்னொரு அமைச்சரின் சார்பிலும் அதே மூச்சிலேயே வைத்தார். வரிசை எண்ணைத்தான் சொன்னார், நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. மனசுக்குள் எண்ணினேன், ஒன்பது எண்ணுவதற்குள் உட்கார்ந்துவிட்டார். அடுத்தவர் எழுந்தார்.

மேசையைப் பார்த்தேன். மக்களவைப் பொதுச் செயலாளர் உட்கார்ந்திருந்தார், அவர் முன்னால் கோப்புகள் இருந்தன, குறிப்பு எடுக்கிறவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். என் புத்தகம் இல்லை. தாள்கள் எல்லாம் முன்கூட்டியே செயலகத்துக்குப் போய்விடுமாம். அவையில் வைப்பது என்பது சொல்வது மட்டும்தான். சொன்னால் வைத்தாகிவிட்டது. வெளியே வந்து போனில் கேட்டபோது அந்தப் பையன் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குத் தெரியாது என்பதை அவனால் நம்பவே முடியவில்லை.

உனக்கு இது புதிதில்லை. 'மன்றத்தின் பார்வைக்கு வைக்கப்படுகிறது' என்று நீ எழுதிய பொருள்களில் எத்தனையை மன்றம் பார்த்தது?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒருவருமே படிக்கவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. 2011 பட்ஜெட் கூட்டத்தொடரில் எங்கள் நிறுவனத்தைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. நட்சத்திரக் குறி இல்லாத கேள்வி. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20, அது இல்லாதது 230. நட்சத்திரம் போட்டதற்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்பார்கள். மற்றதற்கு எழுத்தில் பதில் கொடுத்தால் போதும். மூன்று வருஷமாகச் செலவாகாமல் நின்ற மானியம் எவ்வளவு, காரணம் என்ன, பொறுப்பு யார் என்று (அ), (ஆ), (இ) போட்டுக் கேட்டிருந்தார்கள். அதில் இருந்த தொகை எங்கள் அறிக்கையின் 61-ம் பக்கத்தில் மட்டும்தான் உண்டு. யாரோ ஒரு புண்ணியவான் அதுவரைக்கும் புரட்டியிருக்கிறார்!

மூன்று நாள் யாரும் வீட்டுக்கு நேரத்தில் போகவில்லை. 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்' என்று எழுதித் தப்பித்துவிடலாமா என்று எங்கள் மேலாளரைக் கேட்டேன். மனிதர் என்னை முறைத்தார். அப்படி எழுதினால் அது வாக்குறுதி ஆகிவிடும். அரசு வாக்குறுதிகளுக்கென்று 1953-லிருந்து ஒரு குழு இருக்கிறது, அது குறித்து வைத்துக்கொண்டு துரத்தும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், இல்லாவிட்டால் அவகாசம் கேட்டு எழுத வேண்டும். கடன்காரனிடம் நாளைக்கு வா என்று சொல்கிற மாதிரி, ஒரு தடவை சொல்லிவிட்டால் தீர்ந்தது. உள்ளதை உள்ளபடியே எழுதினோம். அடுத்த வருஷம் அந்தத் தலைப்பில் ஒரு பைசா நிற்கவில்லை.

அந்த மூன்று நாளும் எனக்கு உள்ளூர வேறு ஒரு உதறல் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் ஒரு மணி நேரத்தில் மிச்சம் இருந்தது பூஜ்ய நேரம். நம் ஊர்ச் சட்டமன்றத்தில் இதற்கு 'நேரமில்லா நேரம்' என்று அழகான பெயர். காலையில் எழுதிக் கொடுத்தவர்கள் ஆளுக்கு ஒன்றிரண்டு நிமிஷம் தங்கள் தொகுதிக் குறையைச் சொன்னார்கள். ஒரு ரயில் தன் ஊரில் நிற்க வேண்டும் என்று ஒருவர், ஒரு ஆற்றுப் பாலம் என்று இன்னொருவர். ஒருவர் தமிழில் பேசினார். அதுவரை காதில் எதுவும் மாட்டாமல் இருந்த நாலைந்து பேர் மொழிபெயர்ப்பைக் கேட்கக் குனிந்து ஹெட்போனைத் தேடினார்கள். எனக்கு அந்த இரண்டு நிமிஷம் மட்டும் யார் தயவும் தேவைப்படவில்லை. அவர் முடிக்கும் முன்னாலேயே மைக் அணைந்துவிட்டது. உதடு அசைந்துகொண்டிருந்தது, சத்தம் இல்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு 377-வது விதியில் எழுப்பும் விஷயங்கள் என்று ஒன்று உண்டு. முன்னதாகவே எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்கிய 250 வார்த்தைதான், அதற்கு மேல் பேச முடியாது. உன்னால் 250 வார்த்தையில் சௌக்கியம்கூட விசாரிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அதைப் பார்க்க எனக்கு நேரம் இல்லை, காவலர் வந்து தோளைத் தொட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து மிச்சத்தை டிவியில் பார்த்தேன். சாயங்காலம் ஒரு மசோதா நிறைவேறியது. விவாதம் முடிந்ததும் ஒவ்வொரு பிரிவாக வாக்குக்கு விட்டார்கள். இரண்டாம் பிரிவிலிருந்து கடைசிப் பிரிவு வரை ஆம், ஆம், ஆம் என்று போனது. முதல் பிரிவை மட்டும் கடைசியில் எடுத்தார்கள். சட்டத்தின் பெயர் அதில்தான் இருக்கிறது. பிள்ளை முழுசாக வெளியே வந்த பிறகு பெயர் வைக்கிற மாதிரி. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரி, இதைப் போய் யாராவது பார்ப்பார்களா என்று சீரியலுக்கு மாற்றிவிட்டாள்.

இப்போது அந்த உதறல் விஷயம். 2009-10 அறிக்கை. அவையில் வைத்து இரண்டு வாரம் கழித்துச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. 84-ம் பக்கம், ஆங்கிலப் பதிப்பில், 69 லட்சம் என்று இருக்க வேண்டிய இடத்தில் 96 லட்சம் என்று அச்சாகியிருந்தது. இந்தியில் சரியாக இருக்கிறது. திருத்த வேண்டுமென்றால் அதையும் அமைச்சர் கையெழுத்தோடு மறுபடி அவையில் வைக்க வேண்டும். மேலாளரிடம் சொன்னேன். "யாரு கூட்டிப் பாக்கப்போறான், விடுப்பா" என்றார். விட்டுவிட்டேன். அடுத்த வருஷமே கேள்வி வந்ததும் என் பிராணன் பாதி போய்விட்டது. நல்ல வேளையாகக் கேள்வி கேட்டவர் 61-ம் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். இன்றைக்கும் அது அப்படியே நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கும், 96 என்று.

அந்த வருஷம் பெருமைக்காக உனக்கும் ஒரு பிரதி தபாலில் அனுப்பினேன், ஞாபகம் இருக்கிறதா? கனமான புத்தகம், இளநீல அட்டை. நீ அதை அரிசி டின் மூடி மேல் பாரமாக வைத்திருப்பதாகத் தங்கச்சி ஒரு தடவை சொன்னாள். இன்னும் இருந்தால் எடுத்து 84-ம் பக்கத்தைப் பிரி. கூட்டிப் பார். 27 லட்சம் இடிக்கும்.

உன்,
ராசு