சாவியை உருவிய பிறகும் ஓடிய இன்ஜின்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓடும் காரில் புகை, தீ, டிரைவர் இறங்கி ஓடித் தப்பினார் என்று செய்தி வரும்போதெல்லாம் கடைசி வரியில் 'மின்கசிவு காரணமாக இருக்கலாம்' என்று போட்டு முடித்துவிடுகிறீர்கள். வேறு ஒரு காரணமும் உண்டு, அது போன மாதம் என் டீசல் காரிலேயே நடந்தது.

அம்மாவை சேலத்தில் டாக்டரிடம் காட்டிவிட்டு நாமக்கல் திரும்பிக்கொண்டிருந்தோம். புதுச்சத்திரம் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன், வெயில் கொளுத்துகிறதே, அம்மாவுக்கு ஏசி ஓடட்டும் என்று இன்ஜினை அணைக்கவில்லை. டீ கைக்கு வருவதற்குள் இன்ஜின் தானாக ரேஸ் ஆக ஆரம்பித்துவிட்டது. ஆக்சிலேட்டரில் யார் காலும் இல்லை. இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் 3000, 4000 என்று ஏறி சிவப்புக் கோட்டையும் தாண்டியது, பின்னால் வந்த வெள்ளைப் புகையில் டீக்கடையே தெரியவில்லை. அம்மாவை இறக்கிவிட்டு சாவியைத் திருப்பினேன், நிற்கவில்லை. சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், அது பாட்டுக்கு அலறுகிறது.

கூட்டம் கூடியாயிற்று. பேட்டரி ஒயரைப் பிடுங்கு என்கிறார் ஒருவர், ஒருவர் குடத்தில் தண்ணீரோடு வந்துவிட்டார், ஒரு பையன் பானெட்டைத் தூக்கி உள்ளே தலையை விடுகிறான். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் எச்சில் கையோடு ஓடிவந்து, "தள்ளுங்கப்பா, முன்னாடி யாரும் நிக்காதீங்க" என்று சத்தம் போட்டபடி சீட்டில் ஏறினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், கால் பிரேக்கை முழுசாக மிதித்தார், கிளட்சை அமுக்கி ஐந்தாவது கியரைப் போட்டுக் கிளட்சைப் படாரென்று விட்டார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியது. "அது டீசல்ல ஓடல தம்பி, ஆயிலக் குடிச்சிட்டு ஓடுது, சாவியத் திருப்பி என்ன பிரயோஜனம்?" என்று சொல்லிவிட்டு மறுபடி இலைக்குப் போய்விட்டார்.

பிறகு எங்கள் ஊர் மெக்கானிக் விளக்கினார். பெட்ரோல் வண்டியில் பிளக் பொறி நின்றால் இன்ஜினும் நின்றுவிடும். டீசலில் பொறியே கிடையாது, காற்றைப் 16, 18 மடங்கு அழுத்தும்போது வருகிற சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். சாவியைத் திருப்பினால் டீசல் வருவது மட்டும்தான் நிற்கும். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவின் சீல் தேய்ந்தோ, பிஸ்டன் ரிங் தேய்ந்து, இன்ஜினுக்குள் சேரும் ஆவியைக் காற்றுப் பாதைக்குத் திருப்பிவிடும் பிரீதர் குழாய் வழியாகவோ இன்ஜின் ஆயிலே காற்றோடு கலந்து உள்ளே போனால் அதையே எரித்துக்கொண்டு ஓடும், ஓட ஓட இன்னும் அதிகமாக ஆயிலை இழுக்கும். அது நிற்க வேண்டுமானால் ஆயில் தீர வேண்டும், இல்லை இன்ஜின் இறுகி சீஸ் ஆக வேண்டும், இல்லை பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு இன்ஜின் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். பானெட்டுக்குள் தலையை விட்ட அந்தப் பையனை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

என் வண்டிக்கு ஏன் இப்படி ஆனது? பத்து நாள் முன்புதான் சர்வீஸ் விட்டிருந்தேன். மூன்று லிட்டர் பிடிக்கும் இன்ஜினில் கேன் காலியாகும்வரை ஊற்றியிருக்கிறார்கள், பில்லிலேயே 'ஆயில் 4 லிட்டர்' என்று இருக்கிறது, நான்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அளவு குச்சியை உருவிப் பார்த்தால் மேல்கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை நின்றது. அடியில் சுழலும் கிராங்க் தண்டு அந்த ஆயிலைக் கடைந்து நுரையாக்கி பிரீதர் வழியாகத் தள்ளியிருக்கிறது, இன்ஜினுக்குக் காற்று போகிற இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றியதும் ஒரு டம்ளருக்கு மேல் ஆயில் கொட்டியது. பட்டறைக்காரரைக் கேட்டால் "வண்டி பழசு சார்" என்கிறார். டர்போ பழசுதான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அந்த ஒரு லிட்டர் புதுசு ஆச்சே.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படி ஆனால் பதற்றத்தில் கிளட்சை மிதித்துவிடுவோம், நியூட்ரலில் போடுவோம். அதைச் செய்யவே கூடாதாம். இன்ஜினைப் பிடித்துவைத்திருப்பது வண்டியின் பாரம்தான், அதை எடுத்துவிட்டால் அது கட்டுக்கடங்காமல் போய்விடும். பெரிய கியரிலேயே ஓரங்கட்டி, கிளட்சைத் தொடாமல் பிரேக்கை அழுத்தியே அணைக்க வேண்டும். அந்த இழுபறியில் கிளட்ச் வழுக்கிக் கருகலாம், கருகட்டும், கிளட்ச் மாற்றுகிற செலவு இன்ஜின் செலவில் கால்வாசி கூட வராது.

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. காற்றை அடைத்தால்தான் நிற்கும், ஏர் ஃபில்டருக்குப் போகும் வாயில் தட்டையான பலகையை வைத்து அடைக்க வேண்டும், அதுவும் ஆரம்பத்திலேயே செய்தால்தான் உண்டு. உள்ளங்கையை வைத்தால் காயம் நிச்சயம், துணியை வைத்தால் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். கரியமில வாயு தீயணைப்பான் பக்கத்தில் இருந்தால் அந்த வாய்க்குள் அடிக்கலாம். நேரம் கடந்து அலறல் உச்சத்துக்குப் போய்விட்டால் வண்டியைப் பற்றி யோசிக்காமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு தூரமாகப் போய்விடுவதுதான் சரி.

2005 மார்ச் 23-ல் அமெரிக்காவில் டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் செத்தார்களே, அங்கேயும் கசிந்த ஆவியைக் குடித்து ரேஸ் ஆன ஒரு டீசல் பிக்கப்தான் தீ வைத்திருக்கும் என்று விசாரணையில் சொன்னார்கள். இந்த மாதிரி ஆலைகளுக்குள் போகிற டீசல் வண்டிகளில் காற்றையே மூடிவிடும் வால்வு மாட்டுகிறார்கள். நமக்கு வீட்டுக் காரில் யார் மாட்டித் தரப் போகிறார்கள், தெரிந்தாவது வைத்துக்கொள்ளலாம் என்றால் சொல்லித்தரவும் ஆள் இல்லை. எல்எல்ஆர் தேர்வில் போர்டுகளைக் காட்டிக் கேட்கிறார்கள், டிரைவிங் ஸ்கூலில் எட்டு போடக் கற்றுத் தருகிறார்கள், சாவியைத் திருப்பியும் இன்ஜின் நிற்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரு பத்து நிமிடம் ஒதுக்கக் கூடாதா? போக்குவரத்துத் துறை அதைப் பாடத்தில் சேர்க்கட்டும். அதுவரை உங்கள் நாளிதழில் ஒரு அரைப் பத்தி போட்டாலும் போதும், அளவு குச்சியைப் பார்க்காமல் பட்டறையிலிருந்து வண்டியை எடுக்காதீர்கள் என்று அதில் முதல் வரியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாமக்கல்