ஜூ டைக்கூன் மாட் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

ஜூ டைக்கூன் என்பது உயிரியல் பூங்காவை நடத்தும் கணினி ஆட்டம்; அதில் நாமே செய்து சேர்க்கும் விலங்கும் பொருளும்தான் மாட். ப்ளூ ஃபாங் நிறுவனம் உருவாக்கி, 2001இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட முதல் ஜூ டைக்கூனுக்கு மட்டுமே இவ்வாண்டும் மாட் செய்தோம். 2004இல் வந்த இரண்டாம் பாகத்துக்கும் செய்யலாமே என்ற பேச்சு வந்தது. முதல் ஆட்டம் தட்டைப் படங்களால் ஆனது, இரண்டாம் பாகம் முழுக்க முப்பரிமாணம். இங்கே பழகிய கை அங்கே உதவாது. செயற்குழு தள்ளிவைத்தது. சரியான முடிவு.

எடுத்த வேலை இரண்டு: கடமான், கரையான் புற்று.

கடமானை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மாடல் செய்து, அதை ரெண்டர் எடுத்தோம், அதாவது தட்டைப் படங்களாக்கினோம். கேமரா ஆர்த்தோகிராஃபிக் (தொலைவால் உருவம் சிறுக்காத வகை), எக்ஸ் கோணம் 60, இசட் கோணம் 45. அப்போதுதான் தரைக்கட்டத்தின் அகலம் உயரத்தைப்போல் இரண்டு மடங்காக, ஆட்டத்தின் தரையோடு பொருந்தும். கேமராவையும் விளக்கையும் அசைக்காமல் மாடலை மட்டும் 45 பாகை வீதம் திருப்ப வேண்டும். விலங்குக்கு ஐந்து திசைகள் போதும்: வடக்கு, வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு, தெற்கு. மேற்குப் பக்கத்தை ஆட்டமே இடவலம் புரட்டிக்கொள்ளும். அதனால் ஒரு பக்கம் மட்டும் முறிந்த கொம்பு, ஒற்றைத் தழும்பு போன்றவற்றை வைக்காதீர்கள். விலங்கு திரும்பியதும் அடையாளம் பக்கம் மாறிவிடும். நடைக்கு 12 ஃபிரேம் என்றால் ஐந்து திசைக்கு 60. ஆண், பெண், குட்டி சேர்த்தால் 180. இது நடை மட்டும்.

அதிக நாள் தின்றது கொம்பு. படத்தின் நிறப்பட்டியலான பேலட்டில் 256 இடம். முதல் இடம் ஒளிபுகும் நிறத்துக்கு, அதாவது ஆட்டத்தில் மறைந்துபோகும் பின்னணிக்கு, போய்விடும். ரெண்டரின் ஓர மென்மையாக்கம் பின்னணி நிறத்தைக் கொம்பின் விளிம்பில் கலந்ததால், புல்தரையில் கொம்பைச் சுற்றி இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தது. அந்த மென்மையின் அளவான ஃபில்டர் சைஸை ஏறக்குறைய சுழியத்துக்கு இறக்கியதும் கோடு போயிற்று, ஆனால் ஒரு பிக்சல் தடிமனான கொம்பு நுனி துண்டு துண்டானது. கடைசியில் மாடலிலேயே கொம்பைப் பருமனாக்கினோம். பெரிதாக்கிப் பார்த்தால் அசிங்கம், ஆட்டத்தில் அழகு.

நிறக் குறைப்பை ஃபிரேம் ஃபிரேமாகச் செய்யக் கூடாது. எல்லாப் படங்களையும் ஒரே தாளில் ஒட்டி, ஒரே பேலட் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நடக்கும்போது உடல் மினுக்கும். ஓரத்தை ஒவ்வொரு படமாக வெட்டுவதும் ஆகாது. ஒவ்வொரு ஃபிரேமும் தன் அகல உயரத்தோடு மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற கணக்கையும் வைத்திருக்கிறது. தனித்தனியாக வெட்டினால் அந்தக் கணக்கு குலைந்து மான் தத்தித் தத்திப் போகும். ஒரே அளவுத் தாளில் ரெண்டர் எடுத்து, வெட்டும் வேலையை, இந்த ஆட்டத்தின் படங்களுக்கான மென்பொருளான இசட்டி ஸ்டூடியோவிடம் மொத்தமாக விட்டுவிடுங்கள்.

புற்று எளிது. அசையாத பொருள், நான்கு மூலைத் திசைகளுக்கு நான்கு படம். ஒதுக்கிய கட்டத்தைத் தாண்டிப் படம் பரந்ததால் மான் புற்றுக்குள் புகுந்து போவதுபோல் தெரிந்தது. அடியைச் சுருக்கினோம்.

இனி, உறுப்பினர்கள் அனுப்பிய "ஆட்டத்தில் வரவே இல்லை" புகார்கள். பெரும்பாலும் படத்தில் கோளாறில்லை, பொட்டலத்தில்தான். மாட் அடங்கிய பொட்டலமான இசட்டிடி கோப்பு என்பது பெயர் மாற்றிய ஜிப் (சுருக்கிக் கட்டிய கோப்பு), அவ்வளவே. ரார், செவன்ஜிப் போன்ற பிற சுருக்க வடிவங்கள் செல்லாது. கோப்பைத் திறந்ததும் 'அனிமல்ஸ்' போன்ற ஃபோல்டர் நேராகத் தெரிய வேண்டும். அதற்கு வெளியே இன்னொரு ஃபோல்டர் சுற்றியிருந்தால் ஆட்டம் கண்டுகொள்ளாது. விண்டோஸ் பின்னொட்டை மறைத்திருந்தால், மாற்றியதாக நினைத்த பெயரின் கடைசியில் 'ஜிப்' அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். சரியான கோப்பை ஆட்டத்தின் டிஎல்அப்டேட் ஃபோல்டரில் போட வேண்டும். இரண்டு விலங்குகளுக்கு ஒரே குறிப்பெயர் இருந்தால் ஒன்று மற்றதை விழுங்கிவிடும். திசைப்படங்களைப் பட்டியலிடும் அனி கோப்பு சொல்லும் படம் ஒன்று குறைந்தாலும் ஆட்டம் அப்படியே விழும், இயங்காமல் நின்றுவிடும். எந்த மாட் விழவைக்கிறது என்று தெரியாவிட்டால் பாதியை வெளியே எடுத்துச் சோதியுங்கள், பிறகு அதில் பாதி.

பிறர் வரைந்த படங்களை அனுமதியின்றி எடுத்துச் செய்த மாட்களை மன்றம் ஏற்கவில்லை, இனியும் ஏற்காது.

வரவு செலவு இல்லை. பிளெண்டர், படம் திருத்தும் கிம்ப், இசட்டி ஸ்டூடியோ எல்லாமே இலவசம். பொருளாளருக்கு இவ்வாண்டும் வேலை வைக்காததற்கு மன்னிக்கவும்.

கடமான் குட்டியின் ஓட்டமும் உறக்கமும் பாக்கி. புற்றுக்கு மெனு ஐகான் இன்னும் வரையவில்லை.

செயலாளர்