துப்பாக்கி வாங்கிவிடலாம், தோட்டாவுக்கு எங்கே போவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் அமெரிக்கத் துப்பாக்கி மோகம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பல வருஷமாக உங்கள் பத்திரிகையை இங்கிருந்து ஆன்லைனில் படிக்கிறவன், கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. அங்கே கத்தரிக்காய் வாங்குவதுபோலத் துப்பாக்கி வாங்கலாம், தோட்டா கடலை விலைக்குக் கிடைக்கும் என்கிற பொருளில் எழுதியிருந்தார்கள். முதல் பாதியில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது பாதியை எழுதியவர் 2019-க்குப் பிறகு எந்தக் கடையிலும் விலை கேட்டிருக்க மாட்டார்.

நான் இருப்பது டெக்சாஸில், சான் ஆண்டோனியோ பக்கம். சனிக்கிழமை காலையில் ரேஞ்சுக்குப் போய்க் காகித இலக்கில் சுடுவது என் பொழுதுபோக்கு. வேட்டைக்குப் போவதில்லை, இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவில் நடப்பதும் இல்லை. சொந்த ஊர் சாத்தூர் பக்கம். காட்டுப்பன்றி விரட்ட என் தாத்தாவிடம் உரிமத்தோடு ஒரு ஒத்தைக்குழல் துப்பாக்கி இருந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிவருவார். அவர் சுட்டு நான் பார்த்ததே இல்லை. எண்ணெய் போட்டுத் துடைத்துத்தான் பார்த்திருக்கிறேன்.

முதலில் வாங்கும் கதை. 2006-ல் எச்-1பி விசாவில் வந்தேன். அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது இங்கே மத்திய அரசுச் சட்டப்படி குற்றம்; வேட்டை உரிமம் எடுத்திருந்தால் விதிவிலக்கு உண்டு என்று ஒரு சந்து இருக்கிறது, அவ்வளவுதான். இது தெரியாமல் நம் பையன்கள் நாலு பேர் சேர்ந்து வார இறுதியில் ரேஞ்சுக்குப் போய், வாடகைத் துப்பாக்கியைப் பிடித்து போட்டோ எடுத்து பேஸ்புக்கில் போட்டுவிடுகிறார்கள். சட்டத்தின் கணக்கில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் பிடித்தாலும் வைத்திருந்ததுதான். கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவன் தன் கையாலேயே சாட்சி தயாரித்துக் கொடுப்பது போல இது. உங்கள் வாசகர்களில் அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மா இருப்பார்கள், அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்குக் கார்டு வர 2018 ஆகிவிட்டது. அடுத்த மாசமே கடைக்குப் போனேன். 4473 என்று ஒரு படிவம் தருவார்கள், அதில் பொய் எழுதினால் ஜெயில். அப்புறம் கடைக்காரர் எஃப்பிஐ நடத்தும் நிக்ஸ் என்கிற பின்னணிச் சரிபார்ப்புக்கு விவரத்தை அனுப்புவார், 1998-லிருந்து இருக்கும் ஏற்பாடு. பக்கத்தில் நின்ற தொப்பிக்காரருக்கு மூன்று நிமிஷத்தில் சரி என்று வந்துவிட்டது, எனக்கு மூன்றாம் நாள் வந்தது. இதெல்லாம் கடையில் வாங்கினால்தான். டெக்சாஸில் ஒரு தனி ஆளிடமிருந்து இன்னொரு தனி ஆள் வாங்கினால் இந்தச் சோதனை எதுவும் கட்டாயமில்லை. பாதி உண்மை என்று சொன்னது இதனால்தான், அது எனக்கும் பிடிக்காத பாதி.

நான் வாங்கியது முழு ரைபிள் இல்லை, பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்தேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் மதர்போர்டு, இன்னொரு கடையில் கேபினெட் என்று வாங்கி கம்ப்யூட்டர் சேர்த்தவர்களுக்கு இது புரியும். நான் சேர்த்தது ஏஆர்-15 என்கிற ரைபிள் வகை, அதில் சட்டத்துக்குத் துப்பாக்கி என்பது லோயர் ரிசீவர் என்கிற அந்த ஒரு அலுமினியத் துண்டுதான். வரிசை எண் அதில் இருக்கிறது, படிவமும் சோதனையும் அதற்குத்தான். மற்றபடி குழல், போல்ட், விசை, தோளில் பதிக்கும் ஸ்டாக் எல்லாம் அமேசான் பார்சல் மாதிரி வாசலுக்கே வந்துவிடும். எண்ணே இல்லாமல், அரைகுறையாகச் செதுக்கிய லோயரை வாங்கி வீட்டில் முடித்துக்கொள்கிற ஒரு வழியும் இருந்தது. அந்த மாதிரி கிட்டுகளுக்கும் எண்ணும் சோதனையும் வேண்டும் என்று 2022-ல் விதி வந்தது, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அது செல்லும் என்றது. ரேஞ்சில் சில பேர் இதற்கு ஒப்பாரி வைத்தார்கள், எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

சாப்பாட்டு மேஜையில் பழைய பெட்ஷீட்டை விரித்து, யூடியூபை ஓடவிட்டு, மூன்று ராத்திரி வேலை. பின் ஒன்றை நகராமல் பிடித்து நிறுத்த ஒரு ஸ்பிரிங் உண்டு, பேனா ஸ்பிரிங்கைவிட மெல்லியது. கட்டைவிரல் கொஞ்சம் நழுவியதும் டிங் என்று ஒரு சத்தம், ஆளைக் காணோம். டார்ச் அடித்துக்கொண்டு சோபாவுக்கு அடியில் நான் தவழ்ந்ததைப் பார்த்து என் மகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! மூன்று டாலர் ஸ்பிரிங்குக்கு ஏழு டாலர் தபால் கூலி கொடுத்து வேறு வரவழைத்தேன். பழையது நவராத்திரிக்குக் கொலுப்படி கட்ட டிவி ஸ்டாண்டை நகர்த்தியபோது கிடைத்தது. எல்லாம் சேர்த்து 700 டாலரைத் தாண்டியது, அதே தரத்தில் ரெடிமேடு அப்போது 500 சொச்சத்துக்குக் கிடைத்தது. சொந்தமாகச் செய்தால் மிச்சம் என்று யாராவது சொன்னால், கொத்தனார் வைத்து வீடு கட்டிய மாமா யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

சரி, தோட்டாவுக்கு வருகிறேன். சின்ன வயசில் தீபாவளிக்கு அப்பா ஒரு ரோல் கேப் துப்பாக்கியும் நாலு டப்பா சுருளும் வாங்கித் தருவார். துப்பாக்கி மூன்று தீபாவளிக்குத் தாங்கும். சுருள் காலை பத்து மணிக்கே தீர்ந்துபோகும், அப்புறம் சாயங்காலம் வரை வாயாலேயே டப் டப் என்று சுட்டுக்கொண்டு தெருவில் திரிவோம். ஐம்பது வயதை நெருங்கும்போது அதே நிலைமைக்கு வந்து நிற்கிறேன்.

2019-ல் அந்த ரைபிளுக்கான 5.56 அளவில் 1000 தோட்டா 300 டாலருக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கினேன். கைத்துப்பாக்கிக்கான 9 மில்லிமீட்டர் தோட்டா 50 அடங்கிய பெட்டி பத்து டாலர். 2020-ல் கொரோனா வந்ததும் ஊரே துப்பாக்கி வாங்கக் கிளம்பியது, அந்த ஒரு வருஷத்தில் நிக்ஸ் சரிபார்ப்பு 3.9 கோடியைத் தாண்டியது. துப்பாக்கி வாங்கியவன் தோட்டாவும் வாங்குவான் அல்லவா? அதே வருஷம் ஜூலையில் துப்பாக்கியும் தோட்டாவும் செய்யும் ரெமிங்டன் கம்பெனி இரண்டாவது தடவையாக திவால். 2021 தொடக்கத்தில் பத்து டாலர் பெட்டி முப்பத்தைந்து ஆனது, அதுவும் கண்ணில் பட்டால். லாரி வரும் நாள் தெரிந்துகொண்டு காலை ஆறரைக்கே கடை வாசலில் வரிசை கட்டுவோம், ஆளுக்கு இரண்டு பெட்டி என்று கை எழுத்தில் ஒரு அட்டை தொங்கும். சாத்தூர் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்ற அனுபவம் எனக்கு டெக்சாஸில் கைகொடுக்கும் என்று நினைக்கவே இல்லை. எனக்கு முன்னால் நின்ற ஒருத்தர் மனைவி, மகன், மச்சினன் என்று குடும்பத்தோடு வந்து எட்டுப் பெட்டியை அள்ளிக்கொண்டு, பார்க்கிங்கிலேயே பிளாக் டிக்கெட் விலைக்கு விற்றதைப் பார்த்தேன். அவரிடமே ஒன்று வாங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கூட்டம் அப்புறம் கலைந்தது, விலை மட்டும் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ரஷ்யாவிலிருந்து இரும்புக் கூட்டோடு வந்த மலிவுத் தோட்டாக்கள்தான் எங்களைப் போன்றவர்களுக்குப் பழகக் கைகொடுத்தவை. ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னிக்கு விஷம் வைத்த விவகாரத்தில் அமெரிக்கா போட்ட தடையால் 2021 செப்டம்பரிலிருந்து புது இறக்குமதி உரிமம் நின்றது. அடுத்த பிப்ரவரியில் உக்ரைன் போர். பீரங்கிக் குண்டைத் தள்ளும் வெடிமருந்துக்கும் என் தோட்டாவுக்குள் இருக்கும் மருந்துக்கும் அடிப்படை ஒன்றுதான், நைட்ரோசெல்லுலோஸ். அதைப் பருத்திக்கொட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டைப் பஞ்சிலிருந்து செய்கிறார்கள். கரிசல் காட்டில் பருத்தி எடுத்த குடும்பத்தில் பிறந்து இதை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். ஒரு பக்கம் பீரங்கி மொத்தமாகக் கேட்கும்போது சில்லறை வியாபாரிக்கு மருந்து எப்படி வரும்? மிசூரியில் 1941-லிருந்து ஓடும் லேக் சிட்டி ராணுவத் தோட்டா ஆலை ஒன்று உண்டு, ராணுவத்துக்குப் போக மிஞ்சியதுதான் எங்களைப் போன்றவர்கள் கைக்கு வரும்.

உலோகக் கணக்கு தனி. தோட்டாக் கூடு பித்தளை, அதில் எழுபது சதவீதம் செம்பு. செம்புப் பொருள்கள் மீது 2025 ஆகஸ்டில் 50 சதவீத இறக்குமதி வரி. காலிக் கூடுகளைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே மருந்து அடைப்பவர்கள் தப்பித்தார்களா என்றால் அதுவும் இல்லை. மருந்தைப் பற்றவைக்க அடியில் பதிக்கும் பிரைமர் என்கிற சின்ன மூடி, ஆயிரம் எண்ணம் முன்பு முப்பது டாலருக்கு விற்றது, எண்பது வரை கொடுத்து வாங்கியவர்களைத் தெரியும். இன்றைக்கு 5.56 தோட்டா ஒன்று ஐம்பது சென்ட்டைச் சுற்றி நிற்கிறது. மாசம் 200 சுட்டால் 100 டாலர், ஏழு மாசத்தில் ரைபிள் விலை காலி. அதனால் நான் பெரிய ரைபிளைப் பெட்டியில் பூட்டிவிட்டு .22 என்கிற சின்னத் தோட்டா ரைபிளுக்கு மாறிவிட்டேன், அதுவும் மாசம் 60, 70 தோட்டாவோடு சரி. கை சொல்லிவிடுகிறது. ஐம்பது கஜத்தில் ஐந்து குண்டையும் பத்து ரூபாய் நாணயத்துக்குள் போட்டவன் இப்போது உள்ளங்கை அகலத்துக்கு இறைக்கிறேன்.

நல்லதுதானே, சுடுவது குறையட்டுமே என்று நீங்கள் நினைக்கலாம், என் மனைவியும் அதைத்தான் சொல்கிறாள். யுவால்டி எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். 2022 மே 24 அன்று அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒருவன் சுட்டதில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். அவன் கையில் இருந்தது என் சாப்பாட்டு மேஜையில் உருவான அதே வகை. பதினெட்டு வயது முடிந்த சில நாளில், சட்டப்படி, காசு கொடுத்து வாங்கியிருந்தான். அப்போது கடையில் கைத்துப்பாக்கிக்கு 21 வயது ஆக வேண்டும், இதற்கு 18 போதும். அதற்கப்புறம் மூன்று மாசம் நான் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. மகள் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தாள், கொல்லப்பட்ட பிள்ளைகளில் பலர் படித்த அதே வகுப்பு. இந்த ரைபிளுக்கும் 21 என்று நாளைக்கே சட்டம் வந்தால் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன், தனி ஆள் விற்பனைக்குச் சோதனை வந்தாலும் அப்படியே.

தோட்டா விலையை ஏற்றினால் துப்பாக்கிச் சாவுகளைக் கட்டுப்படுத்தலாம் என்று சொல்வதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ரைபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத மத்திய வரி இருக்கிறது, 1937-ல் வந்த ஒரு சட்டப்படி அந்தப் பணம் காட்டு விலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது, சந்தோஷமாகக் கொடுக்கிறேன். கலிபோர்னியா 2024 ஜூலையிலிருந்து இன்னொரு 11 சதவீதம் போட்டது, கொலராடோ 2025 ஏப்ரலிலிருந்து 6.5. வசூலாகும் பணம் போகும் இடம் நல்ல இடம்தான். ஆனால் கொலை செய்யக் கிளம்பியவன் வரியைப் பார்த்து வீட்டுக்குத் திரும்ப மாட்டான், அவனுக்கு ஒரே ஒரு தடவைச் செலவு. மாசாமாசம் பழகுகிறவனைத்தான் அது கடிக்கிறது.

பழகாதவன் எப்படி இருப்பான் என்று போன தையில் பார்த்தேன். ரேஞ்சில் பக்கத்துத் தடத்தில் ஒருத்தர், நாற்பது வயது இருக்கும், புத்தம் புதிது போன்ற கைத்துப்பாக்கி. நாலாவது குண்டில் சிக்கிக்கொண்டது. என்ன ஆச்சு என்று கேட்பதற்காக, விரலை விசையிலிருந்து எடுக்காமல், குழலோடு என் பக்கம் அப்படியே திரும்பினார். மேற்பார்வையாளர் பாய்ந்து அவர் மணிக்கட்டைத் தரையைப் பார்த்து அழுத்தினார். என் சட்டை நனைந்துவிட்டது. பிறகு பேசிப் பார்த்தால், வாங்கி இரண்டு வருஷம் ஆகிறதாம், அன்றைக்குத்தான் முதல் தடவை சுடுகிறாராம். தோட்டா விக்கிற விலைக்கு யார் சார் பழகுவது என்ற அர்த்தத்தில் தோளைக் குலுக்கினார். அதே துப்பாக்கியை அவர் தினமும் காரில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார், அதற்கு டெக்சாஸில் தடையும் இல்லை. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே 21 வயதானவர் கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொள்ள உரிமமே வேண்டாம், உரிமத்துக்காக இருந்த வகுப்பும் பரீட்சையும் அதோடு விருப்பப்பாடம் ஆகிவிட்டன. இந்தச் சட்டத்தைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை, தோட்டா கடலை விலை என்பதற்கு மட்டும் ஒரு பத்தி!

அப்புறம் இரண்டு திருத்தம். ஏஆர் என்பதை அசால்ட் ரைபிள் என்று விரித்து எழுதியிருந்தீர்கள். அது ஆர்மலைட் ரைபிள். 1950-களின் கடைசியில் யூஜின் ஸ்டோனர் அதை வடிவமைத்தபோது வேலை பார்த்த கம்பெனியின் பெயர், 1959-லேயே உரிமையைக் கோல்ட் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். இரண்டாவது, ஏஆர்-15 என்று கீழே எழுதி நீங்கள் போட்டிருந்த படம் ஏகே வகை. மரப் பிடியையும் வளைந்த மேகசினையும் பார்த்தாலே தெரியும், என் மகளே கண்டுபிடித்துவிட்டாள். வரும் ஞாயிறு ஓரமாக ஒரு பெட்டிச் செய்தி போட்டால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
சான் ஆண்டோனியோ, டெக்சாஸ்